சூப்பர் க்ளூவுக்குப் பதில் என்ன? ஸ்கேல் மாடல் ஒட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு ராத்திரி. சென்னை ராயபுரத்தில் என் அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, 1/72 அளவு (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் விமான மாடல் ஒன்றுக்குக் கண்ணாடி மூடியை ஒட்டினேன். அதற்கு முன் மூன்று வாரம் உட்கார்ந்து விமானியின் இருக்கை, தோள்பட்டைப் பட்டைகள், மீட்டர் பலகை என்று ஒவ்வொன்றாகப் பெயிண்ட் அடித்து உள்ளே வைத்திருந்தேன். கைக்கு எட்டியது சூப்பர் க்ளூ. இரண்டு சொட்டு, பத்து நொடி, ஒட்டிக்கொண்டது. காலையில் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க விபூதி பூசினாற்போல வெள்ளையாகப் படிந்திருந்தது. உள்ளே கையை விட வழியில்லை. பிடுங்கினால் கண்ணாடி உடையும். அந்த விமானம் இன்றும் அலமாரியில் அப்படியேதான் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒட்டுவதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒரு மாடல் முழுவதற்கும் ஒரே பசை என்று ஒன்று கிடையாது. எந்தப் பொருள் எந்தப் பொருளைத் தொடுகிறது என்று பார்த்துத்தான் பசையை எடுக்க வேண்டும். கிட் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கவே கணிசமாகச் செலவாகிற ஊரில், பத்து ரூபாய்ப் பசையால் அது பாழாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், சூப்பர் க்ளூ ஏன் இப்படிச் செய்கிறது

சூப்பர் க்ளூவின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் 1942-இல் இதைக் கண்டார். தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் அது பசையாகவே விற்பனைக்கு வந்தது.

இது காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகுகிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று கடலை ஒட்டியே இருக்கிற நம் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும். பாகத்தை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தக்கூட நேரம் தராது. இறுகும் முன் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அந்த ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் இருக்கும் பரப்பில் வெள்ளைப் பொடியாகப் படியும். மூடிய சின்ன இடம் என்றால் அது வெளியேறவும் வழியில்லை. என் ஸ்பிட்ஃபயருக்கு நடந்தது இதுதான்.

இன்னொரு குறை, இறுகியபின் அது கண்ணாடி போல நொறுங்கும். நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். மேஜையிலிருந்து தவறி விழுந்த மாடலில் எந்தெந்த மூட்டு விட்டிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் சூப்பர் க்ளூ போட்ட இடமாகத்தான் இருக்கும்.

படி 1: என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டமியா, ஏர்ஃபிக்ஸ், ரெவெல் போன்ற கிட்களில் சட்டத்தோடு (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பி) வரும் சாம்பல் அல்லது பச்சைப் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். கண்ணாடி பாகங்களும் பெரும்பாலும் அதே பாலிஸ்டைரீனின் தெளிவான வகைதான். தேய்த்தால் மாவு போலப் பொடி உதிரும் கனமான பாகம் என்றால் ரெசின், அச்சில் வார்த்த பிசின். மெல்லிய தகட்டில் வெட்டி வருவது பித்தளை. வளைத்தால் வளைகிற கறுப்பு ட்ராக் (டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) வினைல் வகை.

சந்தேகம் இருந்தால் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, பிளாஸ்டிக் சிமெண்ட் (பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் திரவம், அடுத்த படியில் விவரம்) ஒரு சொட்டு வைத்து, அரை நிமிடம் கழித்து டூத்பிக்கால் கீறிப் பாருங்கள். மெழுகு போல இளகினால் பாலிஸ்டைரீன். இளகவே இல்லை என்றால் அந்த பாகத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். எந்தப் பசையானாலும் முதல் சொட்டு சட்டத்துண்டின் மேல்தான். மாடலின் மேல் வேண்டாம்.

படி 2: பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்

மாடலில் முக்கால்வாசி வேலை இதுதான். இங்கே சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் சிமெண்ட் என்று பெயர் இருந்தாலும் அது உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் மேலாகக் கரைத்து ஒன்றோடொன்று கலக்க வைத்துவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். வெல்டிங் பட்டறையில் இரும்புக்கு நெருப்பு செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது. சரியாக இணைந்த மூட்டை உடைத்தால் பக்கத்தில்தான் உடையும், மூட்டில் உடையாது.

நான் அதிகம் எடுப்பது பச்சை மூடி போட்ட டமியா எக்ஸ்ட்ரா தின். 40 மில்லி பாட்டில், மூடியிலேயே ஒரு மெல்லிய பிரஷ். தண்ணீர் போல ஓடும். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அதைப் பழகினால் பாதிக் கவலை தீரும்.

முதலில் பசை இல்லாமல் இரண்டு பாகத்தையும் பொருத்திப் பாருங்கள். இடுக்கு தெரிந்தால் எங்கே தடுக்கிறது என்று பார்த்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரில் இரண்டு இழுப்பு இழுங்கள். ஒட்டும் விளிம்பில் பெயிண்ட் இருந்தால் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். சிமெண்ட் பெயிண்டைத்தான் கரைக்கும், கீழே இருக்கும் பிளாஸ்டிக்கைத் தொடாது. பிறகு இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷை பாட்டில் வாயில் ஒரு தடவை வழித்துவிட்டு, இணைப்புக் கோட்டின் மேல் நுனியை மட்டும் தொடுங்கள். தேய்க்க வேண்டாம். திரியில் எண்ணெய் ஏறுவது போலத் திரவம் தானாகவே கோடு முழுக்க ஓடும், கண்ணால் பார்க்கலாம். ஒரு விரல்கடை தள்ளி அடுத்த தொடல்.

இப்போது பத்து, பதினைந்து நொடி பொறுத்து மெல்ல அழுத்துங்கள். இணைப்பில் இளகிய பிளாஸ்டிக் ஒரு முடி அளவுக்குப் பிதுங்கி வெளியே வர வேண்டும். அது வந்தால் உள்ளே இடுக்கே இல்லை என்று அர்த்தம். துடைக்காதீர்கள். துடைத்தால் இழுபட்டுப் பரப்பு முழுக்க அசிங்கமாகும். துணி காயப்போடும் கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் அந்தப் பிதுக்கலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது.

எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. கோட்டின் மேல் விரல் இருந்தால் திரவம் விரலுக்கு அடியிலும் ஏறிவிடும். விரலை எடுத்தால் பிளாஸ்டிக்கில் ரேகை பதிந்திருக்கும், ஆதார் மிஷினில் வைத்தது போல அச்சாக. டேப் போட்டுப் பிடித்தாலும் இதே கதைதான், டேப்பின் அடியில் ஓடிவிடும். பிடிக்கும் இடமும் கோடும் தள்ளி இருக்கட்டும்.

நீளமான இணைப்புக்கோ, அகலமான பரப்புக்கோ கொஞ்சம் கெட்டியான சிமெண்ட் நல்லது. ரெவெல் கான்டாக்டா ப்ரொஃபெஷனலில் ஊசி முனை இருப்பதால் கோடு போட வசதி. ஆரஞ்சுப் பழ வாசனையோடு வரும் லிமோனின் வகை மெதுவாக வேலை செய்யும், நெடி குறைவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து மாடல் செய்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

சட்டத்தின் மிச்சத் துண்டுகளை வீசாதீர்கள். பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த சிமெண்ட் பாட்டிலில் போட்டு ஒரு இரவு விட்டால் தேன் போலக் கெட்டியாகும். அதுதான் இடுக்கு அடைக்க அருமையான பூச்சு. அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது பக்கத்துப் பரப்போடு ஒன்றாகத் தேயும். காய்வதற்கு மட்டும் இரண்டு மூன்று நாள் கொடுக்க வேண்டும்.

சிமெண்ட் கிடைக்காவிட்டால் எதைத் தொடக்கூடாது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தேவராஜ முதலி தெரு என்று சுற்றினால் எதையாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஹார்டுவேர் கடையில் நான் பி.வி.சி. பைப் சொல்யூஷன் கேட்டபோது, கடைக்காரர் என் கையில் இருந்த பாகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பைப்புக்குப்பா. இந்த மெல்லிசுக்கு வெச்சா வழிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பைப் சொல்யூஷனில் இருக்கிற கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கூழாக்கிவிடும். அதில் கலந்திருக்கிற பி.வி.சி. பிசின் மேலே தடிப்பாகத் தங்கிவிடும்.

அக்ரிலிக் போர்டு செய்கிற பட்டறைகளில் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள். பாலிஸ்டைரீனையும் அது நொடியில் ஒட்டும். ஆனாலும் வேண்டாம். அந்த ஆவி ஈரலுக்குக் கேடு. வீட்டு அறையில் வைத்து வேலை செய்கிற பொருளே இல்லை. பெயிண்ட் கடைத் தின்னர் ஒவ்வொரு டின்னிலும் ஒவ்வொரு கலவையாக இருக்கும், இன்றைக்கு ஒட்டியது நாளைக்குப் பரப்பைச் சிதைக்கும். சுத்த அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள். நம் சித்திரை வெயிலில் இணைப்புக்குள் ஓடும் முன்பே ஆவியாகிப் போய்விடும். டமியா எக்ஸ்ட்ரா தின்னிலும் அசிட்டோன் உண்டு, ஆனால் மெதுவாக ஆவியாகும் பியூட்டைல் அசிடேட்டும் கூட இருப்பதால்தான் அது நிதானமாக வேலை செய்கிறது.

படி 3: கண்ணாடி பாகங்கள்

விமான மூடி, காரின் விண்ட்ஷீல்டு, கப்பலின் மேல்தள ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஃபெவிகால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எம்.ஆர். வகை. ஆம், அதேதான். அது நீரில் இருக்கும் பசை என்பதால் தெளிவான பிளாஸ்டிக்கைத் தொடாது, புகையும் விடாது, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. தப்பாக வைத்துவிட்டால் ஈர பட்ஸால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கண்ணாடிக்கு நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

டூத்பிக் நுனியில் எடுத்து விளிம்பு முழுக்க மெல்லிய கோடாகப் போடுங்கள். மூடியை வைத்து, வெளியே வந்ததை ஈர பிரஷால் வழித்துவிடுங்கள். மழைக்காலத்தில் காய நேரமாகும், ஒரு ராத்திரி தொடாதீர்கள். இந்த மூட்டுக்குப் பலம் குறைவுதான். கண்ணாடி எதையும் சுமக்கப்போவதில்லையே, போதும்.

இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஜன்னல் ஓட்டைகளுக்குக் கண்ணாடியே வேண்டாம். டூத்பிக்கில் ஃபெவிகாலை எடுத்து ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவி, அப்படியே குறுக்கே இழுங்கள். சோப்புக் குமிழி போல ஒரு படலம் பிடிக்கும். பால் வெள்ளையாக இருப்பது காயக்காயத் தெளிந்து கண்ணாடியாகிவிடும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளை அட்டையில் செய்கிறவர்கள், கழிப்பறை ஜன்னலுக்கு இதைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டால் மங்கலான கண்ணாடி மாதிரியே வரும்.

படி 4: கனமும் உலோகமும் ரெசினும்

மூக்குச் சக்கரம் உள்ள விமானங்களுக்கு மூக்கில் கனம் வைக்காவிட்டால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். கனத்துக்குக் காசிமேட்டில் தூண்டில், நரம்பு விற்கும் கடைகளில் கிடைக்கும் ஈயக் குண்டுதான் எனக்கு. "எந்த மீனுக்குப்பா இவ்ளோ பொடி குண்டு?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன். விமானத்துக்கு என்றதும் தானே தராசில் போட்டு ஒரே அளவாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

இந்தக் குண்டுகளை எதை வைத்துப் பிடிக்க வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை ஊற்றி மூடிவிடாதீர்கள். மூடிய இடத்தில் அதன் நீர் வெளியேற முடியாது. அந்தப் பசையிலிருந்து மெல்ல வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும், பொடி பருத்துக்கொண்டே போகும். சில வருஷம் கழித்து மாடலின் மூக்கு தானாகப் பிளந்துகொள்ளும். ரயில் மாடல் செய்பவர்களுக்கு எஞ்சின் பாய்லர் வெடித்துத் திறந்த அனுபவம் உண்டு.

இங்கே எப்பாக்ஸி வேண்டும். அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பழைய டப்பா மூடியில் இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். கலப்பதில் அவசரப்பட்டால் என்றைக்கும் பிசுபிசுப்பு போகாது. எப்பாக்ஸி இறுகக் காற்றும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். பிசினும் ஹார்டனரும் தங்களுக்குள் வினை புரிந்து இறுகும். அதனால் மூடிய மூக்குக்குள்ளும் சரியாகவே இறுகும். சாதாரண அரால்டைட் என்றால் ஒரு இரவு. ஐந்து நிமிட வகையும் இருக்கிறது. நகர்த்திச் சரிசெய்ய அதில் நேரம் கம்மி, பலமும் கொஞ்சம் கம்மி. எம்-சீலும் எப்பாக்ஸிதான், பிசைகிற வகை. குண்டுகளை அதில் பொதிந்து உள்ளே அழுத்திவிட்டால் வழியாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குண்டைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் வேண்டாம்.

ரெசின் பாகங்களுக்கும் உலோகக் கால்களுக்கும் இதே எப்பாக்ஸிதான். ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரெசினை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகத்தை எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை அதன் மேல் இருக்கும். கனமான இணைப்பு என்றால் இரண்டு பக்கமும் துளைபோட்டு ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். அடைமழை நாளில் இறுகிய எப்பாக்ஸியின் மேல் எண்ணெய் போல ஒரு பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம், சோப்பு நீரில் துடைத்தபின் பெயிண்ட் அடியுங்கள். காலப்போக்கில் எப்பாக்ஸி மஞ்சளாகும், கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

படி 5: பித்தளைத் தகடு

பித்தளையோடு பித்தளை என்றால் ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு ஈடில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய சால்டர் கம்பி, ஃப்ளக்ஸ் போதும். பித்தளையை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, ஃப்ளக்ஸ் தடவி, மணல் அளவு சால்டர் வைத்துச் சூடு காட்டினால் உருகி ஓடிவிடும்.

பிளாஸ்டிக்கின் மேல் படுத்தபடி ஒட்டும் மெல்லிய தகட்டுக்குத் தெளிவான அக்ரிலிக் வார்னிஷே போதும். பிரஷால் பரப்பில் தடவி, தகட்டை வைத்து, மேலே இன்னொரு பூச்சு. நின்றபடி ஒட்ட வேண்டிய சின்னக் கைப்பிடி, மடக்குகள் என்று வந்தால் நேர்மையாகச் சொல்கிறேன், சூப்பர் க்ளூவை நானும் எடுக்கிறேன். ஒரு பால் கவர் துண்டில் ஒரு சொட்டு விட்டு, ஊசி நுனியில் தொட்டெடுத்து வைப்பேன். ஜன்னல் திறந்திருக்கும், கண்ணாடி பாகங்கள் இன்னும் ஒட்டப்பட்டிருக்காது. அந்த வரிசை முக்கியம். இன்னொரு எச்சரிக்கை: அதைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் வேகமாகச் சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

படி 6: தரையும் தெர்மாகோலும்

மாடலுக்கு அடியில் நிலம் அமைக்கும்போது தெர்மாகோல் வைப்போம். அதுவும் பாலிஸ்டைரீன்தான், நுரை வடிவில். பிளாஸ்டிக் சிமெண்டோ ரப்பர் பசையோ பட்டால் வெயிலில் வைத்த வெண்ணெய் போல ஓட்டை விழும். ஃபெவிகால் மட்டும் போடுங்கள். மணல் பரப்ப ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு சேர்த்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டால் மணல் உருண்டு போகாமல் உறிஞ்சிக்கொள்ளும். கடற்கரை மணல் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் பின்னாளில் பூத்துவிடும்.

வளைகிற வினைல் ட்ராக்குக்கு எந்தப் பசையும் உறுதியில்லை. பெரும்பாலும் இரண்டு முனையையும் கோர்க்கும் குமிழைச் சூடான ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி உருக்குவதுதான் வழி. சில புதிய டமியா கிட்களின் ட்ராக் பிளாஸ்டிக் சிமெண்டிலேயே ஒட்டும், வழிமுறைத் தாளில் போட்டிருப்பார்கள்.

ஒரு கப்பலில் வைத்துப் பார்ப்போம்

1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. உயர்நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ரெவெல் இதை 1/350 அளவில் வெளியிட்டிருக்கிறது. 118 மீட்டர் கப்பல் கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டராக மேஜையில் நிற்கும்.

உடலும் தளமும் எக்ஸ்ட்ரா தின்னில், இரண்டு விரல்கடை ஒட்டிப் பொறுத்து அடுத்த இரண்டு விரல்கடை. ஒரேயடியாக முழு நீளமும் போட்டால் கோணிக்கொள்ளும். புகைபோக்கிகள் மூன்றும் பாதி பாதியாக வந்தால் பிதுக்கல் முறையில் ஒட்டி மறுநாள் தேய்க்க வேண்டும், வட்டத்தில் கோடு தெரிந்தால் கண்ணை உறுத்தும். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க எம்டன் கட்டிக்கொண்ட நான்காவது பொய்ப் புகைபோக்கியைச் செய்ய ஆசைப்பட்டால், தாளைச் சுருட்டி ஃபெவிகாலில் ஒட்டலாம். நிஜத்திலும் அது தற்காலிகமாகக் கட்டியதுதானே. பித்தளைக் கைப்பிடி வேலி வாங்கியிருந்தால் தளத்தின் ஓரத்தில் ஃபெவிகால் கோடு போட்டு நிறுத்துங்கள். கோணலாக நின்றால் நிமிர்த்த நேரம் இருக்கும், நேரானபின் மூலைகளில் மட்டும் ஊசி நுனி சூப்பர் க்ளூ. பெயிண்ட் எல்லாம் முடிந்தபின் மேல்தள ஜன்னல்கள், ஃபெவிகால் படலம்.

கடைசியில் கொடிமரங்களில் கட்டும் கயிறு. காசிமேட்டில் கிடைக்கும் நரம்பு இந்த அளவுக்குத் தடி, அதனால் சட்டத்துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து முடி மாதிரி நூலாக்கிக்கொள்ளுங்கள். அதுவும் பாலிஸ்டைரீன் என்பதால் நுனியில் சிமெண்ட் பிரஷால் ஒரே தொடல் போதும். தொட்டதும் சிமெண்ட் பாட்டிலை மூடிவிடுங்கள். என் பாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்கிறது. கை தட்டினாலும் கப்பலின் மேல் கொட்டாது.